பந்து விளையாடக் கூடாது

(சங்கக் கிளையின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விளையாட்டின் அவசியத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். முதலிலேயே ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். எங்கள் குடியிருப்பு வாசலில் 'இங்கே பந்து விளையாடக் கூடாது' என்று ஒரு பலகை இருக்கிறது. ஆறு வருஷங்களுக்கு முன் நான் காரியதரிசியாக இருந்தபோது வைத்தது. ஒருவருடைய கார் கண்ணாடி உடைந்ததுதான் காரணம். 34 வருஷம் அரசாங்கத்தில் சுற்றறிக்கை எழுதிய கை, சும்மா இருக்குமா?

இத்தனைக்கும் நான் தில்லி கரோல்பாகில் விளையாடி வளர்ந்தவன். 1950களின் கடைசியில் நம்மவர் குடும்பங்கள் அங்கே நிறைய. எனக்கு ஹிந்தி கற்றுக் கொடுத்தது பள்ளிக்கூடம் அல்ல. சந்தில் பஞ்சாபிப் பையன்களோடு ஆடிய கில்லி டண்டா. 'நான் அவுட் இல்லை' என்று வாதாட வேண்டுமானால் பாஷை வந்துதானே ஆகவேண்டும்! விளக்கேற்றியதும் வீட்டுக்குள்ளே பாட்டியின் பல்லாங்குழி. 14 குழி, குழிக்கு ஐந்து சோழி, ஆக 70. ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் 'பசு'. பள்ளிக்கூடமே போகாத பாட்டி, எந்தக் குழியில் எடுத்தால் எங்கே போய் முடியும் என்று கண்ணாலேயே கணக்குப் போட்டுவிடுவாள்.

நான் பௌதிகம் படித்தவன். ஆகவே ஃபைன்மனைச் சொல்லாமல் இருக்க முடியாது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் அவர் ஆராய்ச்சியில் மனம் ஓடாமல் சோர்ந்திருந்த சமயம். சிற்றுண்டிச் சாலையில் யாரோ ஒரு தட்டைச் சுழற்றி மேலே எறிந்தான். தட்டு தள்ளாடுவதற்கும் சுழல்வதற்கும் என்ன சம்பந்தம் என்று வெறும் வேடிக்கைக்காகக் கணக்குப் போட ஆரம்பித்தார். 1965-ல் நோபல் பரிசு கிடைத்த வேலைக்கு அந்த விளையாட்டுதான் வழிவிட்டது என்று அவரே எழுதியிருக்கிறார். (எது எதைப்போல் இரண்டு மடங்கு என்பதை மட்டும் தலைகீழாக எழுதிவிட்டார். மேதைக்கும் மறதி உண்டு.)

விதி எண் சொல்லாமல் எனக்குப் பேச வராது. 1989-ம் வருஷத்து ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-வது ஷரத்து, விளையாட்டைக் குழந்தையின் உரிமை என்கிறது. 1992-ல் இந்தியாவும் அதை ஏற்றுக்கொண்டது. பெரியவர்களுக்கு அப்படி ஒரு ஷரத்து கிடையாது. நாமாகவே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நான் எடுத்துக்கொள்ளவில்லை. என் பிள்ளை சிறுவனாக இருந்தபோது மட்டையோடு வந்து நிற்பான். 'நாளைக்கு' என்பேன். மடியில் ஃபைல் இருக்கும். பிறகு அவன் கேட்பதை விட்டுவிட்டான்.

சென்ற கோடையில் ஒன்பது வயதுப் பேரன் பெங்களூரிலிருந்து வந்தான், கையில் பந்தோடு. பலகையைப் படித்துவிட்டு, "தாத்தா, இதை யார் எழுதினா?" என்று கேட்டான். நான் வாயைத் திறக்கவில்லை. "தாத்தாதான்" என்றான் என் பிள்ளை. அவன் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் என் மனைவி பரணிலிருந்து பாட்டியின் பல்லாங்குழியை இறக்கினாள். இரண்டே நாளில் பேரன் என்னைத் தோற்கடிக்க ஆரம்பித்துவிட்டான். மூன்றாம் நாள் என் பிள்ளையும் லேப்டாப்பை மூடிவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தான். நாற்பத்தைந்து வயதில் அவன் என்னோடு ஆடிய முதல் முழு ஆட்டம் அது.

பலகையை எடுக்கச் சொல்லி நிர்வாகக் குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாலை 5 முதல் 7 வரை கார்களைப் பின்பக்கம் நிறுத்தலாம் என்று வரைபடமும் இணைத்திருக்கிறேன். அடுத்த மாதம் கூட்டம். அன்று கண்ணாடி உடைந்தவர்தான் இப்போதைய காரியதரிசி.