வாரச் சந்தையும் குடும்பச் செலவும்

தமிழகத்தை விட்டு வேற்று மாநிலங்களுக்குச் செல்லும் நம்மவர்களுள் பலர் பெருநகரங்களிற் குடியேறுகின்றனர். அங்கே இட்லி அரிசியும் அப்பளமும் விற்கும் கடை ஒன்று எப்படியும் அகப்பட்டுவிடும். நான் இன்று பேச விரும்புவது, அத்தகைய கடை எதுவும் இல்லாத சிற்றூரிற் போய் இறங்கும் குடும்பங்களைப் பற்றி.

என் கணவரின் உத்தியோக மாற்றத்தை ஒட்டி, நாங்கள் சத்தீஸ்கர் மாநிலத்துப் பஸ்தர்ப் பகுதியில் ஒரு கிராமத்திற்குச் சென்றோம். ஜகதல்பூர் நகரம் அங்கிருந்து பேருந்தில் ஒரு மணி நேரப் பயணம். புறப்படும்போது என் தாயார் புழுங்கலரிசி, உளுந்து, துவரம்பருப்பு இவற்றுடன் ஐந்து கிலோ புளியையும் கட்டிக் கொடுத்தார். அவை தீர்ந்தபின் ஞாயிறுதோறும் நகரத்திற்குச் சென்று, உறையிட்ட சாமான்களை வாங்கி வந்தோம். மாதம் இருபதாம் தேதிக்குள் கையிருப்புக் கரைந்தது. கணக்குப் புத்தகத்தைப் புரட்டினேன். பருப்புக்கு ஆன செலவைவிடப் பேருந்துக்கு ஆன செலவு அதிகமாயிருந்தது!

அடுத்த வீட்டு அம்மையார்தாம் என்னைப் புதன்கிழமைச் சந்தைக்கு அழைத்துச் சென்றார். இதனை அங்கே ‘ஹாட்’ என்பர். மக்கள் காட்டுவழியே நெடுந்தூரம் நடந்து வருவதால், நண்பகலுக்குப் பின்னரே சந்தை களைகட்டும். விடியற்காலையிற் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது நம்மூர் வழக்கம். அங்கே அது பயன்படாது. பொழுது சாயும் நேரத்தில் தக்காளியும் கீரையும் விலை இறங்கும். திரும்பச் சுமந்து செல்ல எவர்தாம் விரும்புவார்?

முதலில் என்னைத் திகைக்கவைத்தவை எண்களே. ‘பாவ்’ என்றால் கால் கிலோ. முற்காலத்தில் அது கால் சேர். எண்பது தோலா கொண்ட சேர் ஏறத்தாழ 933 கிராம். மெட்ரிக் அளவைகள் வந்தபின் சேர் மறைந்தது. பாவ் என்னும் பெயர் மட்டும் 250 கிராமுக்கு நிலைத்துவிட்டது. ‘சவா’ என்பது ஒன்றேகால், ‘டேட்’ ஒன்றரை, ‘டாயீ’ இரண்டரை. ஒன்று, இரண்டு, மூன்று என்று இந்தி கற்றுச் சென்ற எனக்கு இவை விளங்கவில்லை. ‘டாயீ’ என்றதை இரண்டு என்று கொண்டு, அரைக் கிலோ உருளைக்கிழங்கை வீணாகச் சுமந்து வந்தேன்.

பெயர்களும் அப்படித்தான். முருங்கைக்காயை அங்கே ‘முன்கா’ என்பர், அவரைக்காய் ‘சேமி’, துவரம்பருப்பு ‘ராஹர்’. ‘அமாரி பாஜி’ என்று ஒரு கீரையைக் குவித்திருந்தனர். கிள்ளி வாயிலிட்டதும் நம் புளிச்சகீரை என்று அறிந்துகொண்டேன். புழுங்கலரிசி ‘உஸ்னா’ என்னும் பெயரிற் கிடைக்கிறது. பருத்த ரகமாகப் பார்த்து வாங்கினால் இட்லிக்குக் குறையில்லை. தோல் நீக்கிய முழு உளுந்து தேடி அலையவேண்டாம்; தோலுடன் கூடிய உடைத்த உளுந்து ‘சில்கா’ என்று விற்கிறது. ஊறவைத்துக் களைய அரைமணி நேரம் ஆகும், அவ்வளவே. மார்கழிக் குளிரில் மாவு புளிக்காமல் அழவைக்கும். அடுப்பின் அருகில் வைத்துவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. உடைத்த பருப்பு மிக மலிவாயிருந்தால் உற்றுப் பாருங்கள். கேசரிப் பருப்பு துவரம்பருப்புடன் கலக்கப்படுவதுண்டு. அது உருண்டையாக இராது. ஒரு புறம் சரிந்து, விளிம்பு கட்டியிருக்கும். நெடுநாள் மிகுதியாக உண்டவர்க்குக் கால்கள் முடங்கிப்போனமையால், 1961-இல் அதன் விற்பனைக்குத் தடை விதிக்கப்பட்டது.

ரேஷன் அட்டையைப் பற்றியும் ஒரு சொல். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் அட்டை உடையோர், எம்மாநிலத்திலும் அரிசி அல்லது கோதுமை பெறலாம். 2022-க்குள் எல்லா மாநிலங்களும் இத்திட்டத்தில் இணைந்துவிட்டன. ஆனால் தமிழக அரசு தன் பொறுப்பில் வழங்கும் துவரம்பருப்பும் பாமாயிலும் பிற மாநிலங்களிற் கிடைக்கமாட்டா.

இனிப் புளியின் கதைக்கு வருகிறேன். பஸ்தர் புளிக்குப் பெயர்போன நாடு. ஜகதல்பூர்ச் சந்தையிலிருந்து தென்னாட்டுக்கு லாரி லாரியாகப் புளி செல்கிறது. நான் மதுரையிலிருந்து சுமந்து சென்ற புளியே பஸ்தரில் விளைந்ததோ என்னவோ!

மாசி, பங்குனி மாதங்களில் புதுப்புளி வரும். விதையுள்ளது ‘ஆட்டி’, விதை நீக்கியது ‘ஃபூல்’. முதலாண்டு ஒரு மூதாட்டி இலைமேல் ஆட்டிப் புளியைக் குவித்து வைத்திருந்தார். கிலோ 40 ரூபாய் என்றார். அவருக்கு ஹல்பி மொழி தவிர வேறு தெரியாது; எனக்கோ அது தெரியாது. விரல்களைக் காட்டியே வாதாடி 30 ரூபாய்க்கு இறக்கினேன். பெருமிதத்துடன் வீடு திரும்பி அடுத்த வீட்டு அம்மையாரிடம் சொன்னேன். அவர் மகிழவில்லை. “உங்களுக்கு முன் சந்தை வாயிலில் கொச்சியா அவரை மடக்கியிருப்பான். அவன் கேட்ட விலைக்குக் கொடாமல் உள்ளே வந்தார். நீங்களும் அதையே செய்துவிட்டீர்கள்” என்றார். கொச்சியா என்பவர் மலைமக்களிடம் வாங்கிப் பெருவணிகருக்கு விற்கும் இடைத்தரகர். கிலோ சாரப்பருப்புக்குக் கிலோ உப்பை ஈடாகக் கொடுத்து வணிகர்கள் கொழுத்த கதையையும் அன்றுதான் கேட்டேன்.

புளி முதலிய வனப்பொருள்களுக்கு மத்திய அரசு 2013 முதல் குறைந்தபட்ச ஆதார விலை அறிவித்து வருகிறது. விசாரித்தபோது, நான் கொடுத்தது அவ்விலைக்கும் குறைவு என்று தெரிந்தது. மிச்சம் பிடித்தது பத்து ரூபாய். வெட்கம் பல நாள் இருந்தது.

அடுத்த வாரம் அதே மூதாட்டியிடம் கேட்ட விலைக்கே நான்கு கிலோ வாங்கினேன். வீட்டில் விதையும் நாரும் நீக்கி நிறுத்தேன். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. ஆயினும் ஃபூல் வாங்குவதைவிட இலாபமே. உப்புச் சேர்த்து வெயிலில் உலர்த்தி மண்பானையில் அடைத்தேன். அடுத்த மாசி வரை வந்தது. குளிர்காலத்தில் மலிந்த அவரையையும் வற்றலாக்கினேன். மழைக்காலத்தில் ஆறுகள் பெருகிச் சந்தை மெலியும்போது அதுவே கைகொடுத்தது. மாதக் கணக்கில் பேருந்துச் செலவு நான்கில் ஒரு பங்காயிற்று.

அந்த மூதாட்டி இப்போது என்னைக் கண்டதும், நிறுத்த புளியின்மேல் ஒரு பிடி அள்ளிப் போடுகிறார். சென்ற பங்குனியில் என் தாயாருக்கு அந்தப் புளியில் ஐந்து கிலோ அனுப்பிவைத்தேன். பார்சல் கூலியை மட்டும் கணக்குப் புத்தகத்தில் எழுதவில்லை.