வாசல் பாதைக்கு எதைப் போடுவது?

(தோட்டக் குடும்பங்களுக்கான வீட்டுப் பராமரிப்புக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



லயத்தில் இருக்கும்போது வாசல் பாதையைப் பற்றி நாம் தனியா யோசிக்கிறது இல்லை. ஸ்தோப்பை விட்டு இறங்கினா கான், கானைத் தாண்டினா எல்லாருக்கும் பொதுவான பாதை. உடைஞ்சா தோட்டம் பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிடுவோம். நம்மில் பலர் இன்னும் லயத்தில்தான் இருக்கிறோம். ஆனால் 7 பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்தவர்களுக்குக் கதை வேறு. றோட்டிலிருந்து வாசற்படி வரைக்கும் உள்ள பாதை இனி நம்ம பொறுப்பு.

வீட்டு வேலை முடிந்ததும், கையில் மிச்சமிருக்கிற காசுக்கு "வாசலுக்கு எது வடிவா இருக்கும்?" என்றுதான் பலரும் கேட்கிறோம். அதற்கு முதல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்தப் பாதையில் யார் நடக்கிறார்கள்? காலை இருட்டில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிள்ளை மடுவத்துக்குப் போகிற தாய். ஈரப் படங்கோடு மலையிலிருந்து இறங்கி வருகிற நாம். கண் மங்கின பாட்டி. மாதம் நிறைந்த கர்ப்பிணி. ராத்திரியில் சுகமில்லாத ஒருவரைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடுகிற நாலு பேர்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். வயதான ஒருவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சா, அவர் மாதக்கணக்கில் படுக்கை. பக்கத்தில் இருந்து பார்க்கிறவருக்கு வேலைக்குப் பேர் விழாது. ஒரு வீட்டின் வருமானமே இந்தப் பாதையில் விழுந்துவிடலாம். ஆகவே, மழையில் வழுக்காததுதான் நமக்கு நல்ல பாதை. அழகு அதற்குப் பிறகு.

முதலில் தண்ணீர்

எந்தச் சாமானைப் போட்டாலும் தண்ணீர் போக வழி இல்லாவிட்டால் அது நிற்காது. கூரைத் தண்ணீர் பாதையில் விழாமல் கானுக்குத் திருப்புங்கள். மேட்டுப் பக்கமாக ஒரு சிறு கான் வெட்டுங்கள். பாதை 3 அடி அகலம் என்றால், ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிட முக்கால் அங்குலம் தாழ்ந்திருந்தால் போதும். தண்ணீர் தேங்காது, பாசியும் குறையும்.

என்ன போடலாம்?

கிரவல்: செலவு குறைவு. சமதரையில், இரு ஓரமும் கல் பதித்துப் போட்டால் பரவாயில்லை. சரிவான இடத்தில் ஒரு பெரிய மழைக்கே அடித்துக்கொண்டு போய்விடும்.

டைல்ஸ்: வீட்டுக்குள்ளே போடுகிற பளபளப்பான டைல்ஸை வெளியே போடவே வேண்டாம். ஸ்தோப்புக்குச் சிவப்புச் சீமெந்து போட்டு பொலிஷ் பண்ணுகிறோமே, அதுவும் பாதைக்கு ஆகாது. நனைந்தால் இரண்டும் சவர்க்காரம் மாதிரி.

இன்டர்லொக் கல்: பார்க்க வடிவு, ஒரு கல் உடைஞ்சாலும் அதை மட்டும் மாற்றலாம். ஆனால் இரண்டு ஓரத்திலும் உறுதியான கட்டு இல்லாவிட்டால் சரிவில் கல் நகர்ந்துவிடும். மலைக்கு ஏற்றிக் கொண்டுவரும் கூலியையும் கணக்கில் சேருங்கள்.

கருங்கல்: பழைய தோட்டங்களின் கல்படிகளைப் பாருங்கள், நல்ல கல் தலைமுறை தாண்டியும் கிடக்கும். தட்டையான முகம் மேலே வரும்படி, ஆடாமல் பதித்து, இடைவெளியை நிரப்ப வேண்டும். தோட்டத்துக் கல் என்றால் நிருவாகத்திடம் கேட்டு எடுங்கள். மண்மேட்டைத் தாங்கி நிற்கிற கல்லைப் பிடுங்க வேண்டாம்.

கொங்கிரீட்: சரிவான பாதைக்குப் பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே பொருத்தம் என்பது எங்கள் எண்ணம். ஆனால் மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்க வேண்டும்.

கொங்கிரீட் போடும் முறை

புல்லையும் இளகின மண்ணையும் எடுத்து, அடியை நன்றாக இடித்து இறுக்குங்கள். சீமெந்து 1 பங்கு, மணல் 2 பங்கு, முக்கால் அங்குல மெட்டல் 4 பங்கு. கனம் 3 அங்குலம். ஆட்டோ ஏறுமானால் 4 அங்குலமும் அதற்கு மேலும். 20 அடி நீளம், 3 அடி அகலம், 3 அங்குலக் கனமுள்ள பாதைக்கு, 50 கிலோ சீமெந்து மூட்டை சுமார் மூன்று பிடிக்கும். குழைக்கச் சுலபம் என்று தண்ணீரை அள்ளி ஊற்றினால் கொங்கிரீட் பலம் இழந்துவிடும். 4 அல்லது 5 அடிக்கு ஒரு வெட்டு விட்டால் கண்டபடி வெடிக்காது.

மேலே நிற்கிற தண்ணீர் வற்றினதும், கொங்கிரீட் இறுகுவதற்கு முன்னால், ஈர்க்கு விளக்குமாற்றால் பாதைக்குக் குறுக்காகக் கோடு இழுங்கள். நீளவாக்கில் இழுத்தால் பிடிப்பு இருக்காது. பாஸ் மழமழவென்று தேய்த்துவிட்டுப் போக விடாதீங்க. வேலை தொடங்கும் முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள். பிறகு ஈரச் சாக்கு போட்டு 7 நாள் நனைத்துவர வேண்டும்.

காலமும் பார்க்க வேண்டும். ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. பதுளை, பசறைப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை குறைவு.

சரிவு அதிகமானால் படி கட்டுங்கள். உயரம் 6 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். மிதிக்கிற அகலம் 12 அங்குலமாவது இருக்கட்டும். எல்லாப் படியும் ஒரே உயரம். ஒரு படி கூடக் குறைய இருந்தால் இருட்டில் கால் ஏமாந்துவிடும். பக்கத்தில் ஒரு குழாயோ உறுதியான கம்போ கைப்பிடியாக இருந்தால் பெரியவர்களுக்குப் பெரிய உதவி.

மண்ணை மறக்காதீர்கள்

பாதையை நேராக்க வேண்டும் என்று மேட்டை ஆழமாக வெட்டாதீர்கள். பாதை வளைந்து போனால் குறைவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியாபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்க முடியாது. மழைத் தண்ணீர் மண்ணுக்குள் ஊறி இறங்குவதே சரிவுக்கு முக்கிய காரணம். நமது கான் தண்ணீரைக் கீழ் வீட்டு மேட்டில் விடாமல் பெரிய கானில் சேர்ப்போம். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் முதலில் கேளுங்கள்.

முழுப் பாதைக்கும் காசு இல்லையா? வழுக்குகிற இடத்தையும் படியையும் முதலில் செய்யுங்கள். நாலு வீட்டார் சேர்ந்தால் மெட்டலை ஒரே லொறியில் இறக்கலாம்; சிரமதானமாக ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கானும் வெட்டலாம். போட்ட பிறகும் வேலை உண்டு. மாதம் ஒரு தடவை பாசியைத் தேய்த்துக் கழுவுங்கள், கானில் இலை அடைக்காமல் பாருங்கள்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் மழை பெய்தால், குடையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். பாதையை அங்கிருந்து தொடங்குங்கள்.