வேதியியல் வகுப்பும் விளையாட்டும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் எனக்கு எழுதிய மடலில் "தாங்கள் விரும்பும் பொருள் பற்றி" என்று குறித்திருந்தனர். நான் அனுப்பிய தலைப்பைக் கண்ட நம் செயலாளர், தாள் மாறிவிட்டதோ என்று ஐயுற்றுத் தொலைபேசியில் அழைத்தார். தாள் மாறவில்லை. வேதியியல் வகுப்பு ஒன்றைப் பற்றித்தான் பேசப் போகிறேன். கவிஞர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

அதற்கு முன், இதே மேடையில் நான் பலமுறை சொல்லி வந்துள்ள ஒரு செய்தியைத் திருத்தியாக வேண்டும். மேல்நிலை வகுப்பில் அறிவியல் பிரிவில் படித்த என்னைத் தமிழ் அழைத்தது, நான் சென்றேன் என்று கூறியிருக்கிறேன். கைதட்டலும் பெற்றிருக்கிறேன். உண்மை அதுவன்று. 1990-களின் நடுவில், பதினொன்றாம் வகுப்பில், "மோல்" என்னும் கருத்து ஒரே வாரத்தில் நடத்தி முடிக்கப்பெற்றது. அவ்வாரத்தில் எனக்கு மூன்று நாள் காய்ச்சல். திரும்பி வந்தபோது வகுப்பு அடுத்த பாடத்திற்குப் போய்விட்டிருந்தது. தேர்வில் நூற்றுக்குப் பதினொரு மதிப்பெண். ஆசிரியர் கடிந்துகொள்ளவில்லை. "அடுத்த பாடத்தையாவது ஒழுங்காகப் படி" என்று விடைத்தாளைக் கையில் தந்தார். வேதியியலில் அடுத்த பாடம் என்பது முந்தைய பாடத்தின் தோளில் ஏறி நிற்பது. கீழ்ப்படி இல்லாதவள் மேற்படியில் எங்ஙனம் காலூன்றுவாள்? இரண்டாண்டு மனப்பாடம் செய்து கரையேறினேன். கல்லூரியில் தமிழ் இலக்கியம் கேட்டு வாங்கினேன். தமிழ் என்னை அழைக்கவில்லை. ஓடி வந்தவளுக்குக் கதவு திறந்தது, அவ்வளவே. இதனை ஒப்புக்கொள்ள எனக்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

ஒப்புக்கொள்ளச் செய்தவள் என் சித்தி மகள். மேல்நிலைப் பள்ளி ஒன்றில் வேதியியல் ஆசிரியை. சென்ற ஆண்டு எங்கள் கல்லூரியின் பருவ விடுமுறையில், அவள் பள்ளித் தலைமையாசிரியரின் இசைவு பெற்று, பதினொன்றாம் வகுப்பின் கடைசி இருக்கையில் சில நாட்கள் அமர்ந்திருந்தேன்.

மணி அடித்தது. அவள் கரும்பலகையின் அருகே செல்லவே இல்லை. பிள்ளைகள் தத்தம் அட்டையை எடுத்துக்கொண்டு கலைந்து அமர்ந்தனர். ஒரு பாடத்தை அவள் பத்துப் பன்னிரண்டு சிறு நிலைகளாகப் பிரித்து வைத்திருக்கிறாள். ஒவ்வொரு நிலைக்கும் ஒரு வழிகாட்டித் தாள். படித்து, கணக்குகளைப் போட்டுப் பார்த்து, "நான் ஆயத்தம்" என்று மாணவர் தாமே வந்து கேட்கும்போது பத்து வினாக்கள். எட்டு சரியானால் அடுத்த நிலை. ஏழானால் மீண்டும் படித்துவிட்டு வேறு வினாத்தாள். எத்தனை முறை தவறினாலும் மதிப்பெண் குறைவதில்லை. ஒருத்தி முதற்பாடத்தின் நான்காம் நிலையில் இருக்க, அவள் அருகில் இருப்பவன் ஒன்பதில் இருந்தான். முன்னே சென்றவர் பின்னே வருபவர்க்குச் சொல்லித் தரலாம். விடை மட்டும் சொல்லலாகாது.

இது அவள் கண்டுபிடித்ததன்று. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்து உட்லண்ட் பார்க் என்னும் மலையூரில் ஜோனதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்னும் இரு வேதியியல் ஆசிரியர்கள் இருந்தனர். விளையாட்டுப் போட்டிகளுக்காகத் தொலைவு செல்லும் பிள்ளைகள் வகுப்பைத் தவற விட்டுக்கொண்டே இருந்தனர். அவர்களுக்காக 2007-இல் தம் பாடங்களைப் படம் பிடித்து வைக்கத் தொடங்கினர். பாடத்தை வீட்டிலேயே கேட்க முடிந்தபோது, எல்லாரும் ஒரே நாளில் ஒரே பாடத்தில் இருக்க வேண்டிய தேவைதான் என்ன என்ற வினா எழுந்தது. அதன்பின் அவ்வகுப்பில் ஒரே நேரத்தில் ஒருவர் தேர்வெழுத, ஒருவர் சோதனை செய்ய, ஒருவர் படிக்கலாயினர். 2012-இல் அவ்விருவரும் எழுதிய நூலைப் படித்துத்தான் என் தங்கை இதில் இறங்கினாள். அவள் பள்ளியில் மாணவர் கைப்பேசி கொண்டு வரக்கூடாது. ஆகவே படத்திற்குப் பதில் தாள்.

அவர்களுக்கும் முன்னோடி உண்டு. பிரெட் கெல்லர் என்னும் உளவியலார் 1960-களில் பிரேசில் நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இம்முறைக்கு வித்திட்டு, 1968-இல் "ஆசிரியரே, போய் வருக" என்னும் பொருள்படத் தலைப்பிட்டுக் கட்டுரை எழுதினார். நம் மண்ணுக்கும் இது புதிதன்று. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் தொடக்க வகுப்புகளில் நடந்த செயல்வழிக் கற்றலில், அட்டைகளும் கற்றல் ஏணியும் இருந்தமை பலர்க்கு நினைவிருக்கும். இன்னும் பின்னே போனால் திண்ணைப் பள்ளி. அங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிச் சுவடி, ஒன்றை முடித்தவன் அடுத்ததற்குப் போவான், சட்டாம்பிள்ளை பார்த்துக்கொள்வான். எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையை 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட, அது "மெட்ராஸ் முறை" என்றே பெயர் பெற்றது. பெருமை கொள்ளலாம். ஆயின் அத்திண்ணையில் என் பாட்டிக்கு இடம் இருந்ததில்லை என்பதையும் சேர்த்தே நினைக்கிறேன்.

வகுப்புக்குத் திரும்புகிறேன். மோல் பாடத்தின் முதல் நிலையில் எண்ணே இல்லை. ஒரு தராசு, மிளகு, கொண்டைக்கடலை, பச்சைப்பயறு. ஒவ்வொன்றிலும் நூறு எண்ணி நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் ஆசிரியை கட்டிய பொட்டலம் ஒன்று தரப்படும். பிரிக்கக் கூடாது. உள்ளே எத்தனை கடலை என்று சொல்ல வேண்டும். மிக அருகில் சொல்லும் குழு வெற்றி பெறும். பிள்ளைகள் சிறிது நேரம் பொட்டலத்தைக் குலுக்கிப் பார்த்தனர். பிறகு ஒரு பெண் அதைத் தராசில் வைத்தாள். எண்ண முடியாததை நிறுத்து எண்ணுதல்! மோல் என்பது இதுதான். 18 கிராம் நீரில் உள்ள மூலக்கூறுகள் 6.022-ஐப் பத்தின் 23-ஆம் அடுக்கால் பெருக்கிய அளவு. அவற்றை ஒருவரும் எண்ண வேண்டியதில்லை, நிறுத்தால் போதும். பதினாறு வயதில் எனக்கு அந்த எண்ணைத்தான் தந்தார்கள். பொட்டலத்தைத் தரவில்லை.

அடுத்து இணைதிறன் சீட்டு. சோடியம் சீட்டின் ஓரத்தில் ஒரு முனை நீண்டிருக்கும், கால்சியத்திற்கு இரண்டு, அலுமினியத்திற்கு மூன்று. குளோரின் சீட்டில் ஒரு பள்ளம், ஆக்சிஜனுக்கு இரண்டு. முனையும் பள்ளமும் மிச்சமின்றிப் பொருந்தினால் சேர்மம். கையிலுள்ள சீட்டுகளை முதலில் தீர்த்தவர் வென்றவர். அலுமினியத்தையும் ஆக்சிஜனையும் கையில் வைத்துக்கொண்டு ஒரு சிறுவன் திண்டாடினான். ஒன்றுக்கு ஒன்று வைத்தால் முனை மிஞ்சுகிறது. ஒன்றுக்கு இரண்டு வைத்தால் பள்ளம் மிஞ்சுகிறது. பக்கத்திலிருந்தவனிடம் இன்னோர் அலுமினியம் கடன் வாங்கினான். இரண்டு அலுமினியம், மூன்று ஆக்சிஜன். ஆறு முனை, ஆறு பள்ளம். மீச்சிறு பொதுமடங்கு என்னும் சொல்லை யாரும் அவனிடம் சொல்லவில்லை.

அன்று நடந்த இன்னொன்றை நான் மறவேன். பின்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "டீச்சர், தங்கச் சீட்டும் ஆக்சிஜனும் பொருந்துது. ஆனா எங்கம்மா தோடு இத்தனை வருசமா கறுக்கவே இல்லையே?" என்றாள். என் தங்கையின் முகம் மலர்ந்தது. ஆட்டத்தை நிறுத்திவிட்டாள். சீட்டு சொல்வது எந்த விகிதத்தில் சேரலாம் என்பதை. சேர விருப்பம் உண்டா என்பதை அது சொல்லாது. அதற்கு ஆற்றலைக் கணக்கிட வேண்டும், அது வேறு பாடம் என்று விளக்கினாள். வீடு திரும்பும் வழியில், "அக்கா, இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு சீட்டு வெட்டினேன்" என்றாள்.

தனிம வரிசை அட்டவணைக்கும் சீட்டுத்தான். 1869-இல் மெண்டலீஃப் அன்று அறியப்பட்டிருந்த 63 தனிமங்களின் பெயரையும் பண்பையும் சீட்டுகளில் எழுதி, தனியாள் சீட்டாட்டம் போல அடுக்கிப் பார்த்தார் என்பர். கதை எவ்வாறாயினும், அட்டவணையில் அவர் விட்ட வெற்றிடங்கள் மெய். அவர் முன்னுரைத்தவற்றுள் காலியம் 1875-இலும் ஸ்காண்டியம் 1879-இலும் ஜெர்மானியம் 1886-இலும் கிடைத்தன. தங்கை கட்டிலிருந்து மூன்று சீட்டுகளை ஒளித்துவைத்துவிட்டுப் பிள்ளைகளிடம் தருகிறாள். எங்கே இடைவெளி, அங்கே வர வேண்டியது எத்தகையது என்று அவர்கள் எழுத வேண்டும்.

எல்லாம் இனிதே நடந்தது என்று சொன்னால் பொய்யாகும். முதலாண்டில் அவள் சுவரில் ஒரு பட்டியல் தொங்கவிட்டிருந்தாள். யார் எத்தனை புள்ளி என்று. முதல் ஐவர்க்கு அது உற்சாகம். கடைசிப் பெயருக்கு உரிய மாணவன் வேதியியல் உள்ள நாட்களில் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான். ஒரு மாதம் கழித்தே அவளுக்குக் காரணம் விளங்கியது. பட்டியலைக் கிழித்தாள். இன்று அவரவர் அட்டை அவரவர் கையில். பிறர் புள்ளி பிறர்க்குத் தெரியாது. இன்னொரு சிக்கல், சோம்பல். அவரவர் வேகம் என்றதும் சிலர் வேகம் பூச்சியமாகிவிட்டது. கெல்லரின் முறையிலும் மாணவர் நாள் கடத்துவதே பெருங்குறையாகச் சொல்லப்பட்டது. ஆகவே மாத இறுதிக்குள் வந்து சேர வேண்டிய எல்லை ஒன்றை வைத்தாள். எல்லையைத் தொடாதவர் மாலையில் அவளோடு அமர வேண்டும். அவளுக்கு அதனால் ஓய்வே இல்லை. நாற்பது பேருக்கு நாற்பது விதமான வினாத்தாள் எழுதுகிறாள். இம்முறையைப் புகழ்ந்து பேசுவோர் இதைச் சொல்வதில்லை.

ஒரே ஒரு நிலையில் மட்டும் எட்டுப் போதாது. பத்துக்குப் பத்து வேண்டும். ஆய்வகப் பாதுகாப்பு. அமிலத்தைத்தான் நீரில் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். நீரை அமிலத்தில் ஊற்றலாகாது. அங்கே "மீண்டும் செய்து பார்க்கிறேன்" என்பதற்கு இடமில்லை.

இப்போது என் துறைக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரியில் யாப்பிலக்கணம் கற்பித்தேன். மூன்றாம் வாரம் தளை. நான்காம் வாரம் அடுத்த பகுதிக்குச் சென்றுவிட்டேன். தளை விளங்காத மாணவன் ஒருவன் இருந்தான், கவனித்தேன், நிற்கவில்லை. பாடத்திட்டம் முடிய வேண்டுமே! அவன் தேறவில்லை. விடுமுறை முடிந்து வந்தவன் நேரிசை வெண்பா ஒன்றை எழுதிக் கொண்டுவந்து நீட்டினான். ஒரு பிழையும் இல்லை. "இப்பத்தாம்மா புரிஞ்சது" என்றான். மதிப்பெண் பட்டியல் போயிருந்தது. வெண்பா எழுதத் தெரிந்த அவன் அடுத்த பருவத்தில் வெண்பாவுக்காக அரியர் எழுதினான். எனக்கு நிகழ்ந்ததை நான் அவனுக்குச் செய்தேன்.

நம் வட்டத்தில் மாதந்தோறும் ஈற்றடி கொடுக்கிறோம். அடுத்த மாதம் வெண்பா வராதவரை நாம் வெளியே அனுப்பியதுண்டா? மூன்று மாதம் கழித்துக் கொண்டுவந்தவரையும் அவைக்கு அழைத்துப் பாடச் சொன்னோம். தளை தட்டினால் திருத்தினோம்; மறுபடி பாடினார். இங்கே இயல்பாக நாம் செய்வதை வகுப்பறையில் நான் ஏன் செய்யவில்லை என்னும் வினா, தங்கையின் வகுப்பில் அமர்ந்திருந்த நாள் முழுவதும் என்னைத் துளைத்தது.

இவ்வாண்டு சீர்ச் சீட்டு வெட்டியிருக்கிறேன். இடப்புற ஓரம் அச்சீர் நேரில் தொடங்குகிறதா நிரையில் தொடங்குகிறதா என்று காட்டும். வலப்புற ஓரம் அடுத்து என்ன வர வேண்டும் என்று காட்டும். மாவுக்கு நிரை, விளத்திற்கு நேர், காய்க்கு நேர். பொருந்தாத சீர் ஒட்டாது. ஒரு வாரத்தில் தளை கண்டவர் உளர். ஆறு வாரம் எடுத்துக்கொண்டவரும் உளர். பல்கலைக்கழகத் தேர்வு நாளை என்னால் மாற்ற இயலாது; அகமதிப்பீட்டுத் தேர்வை எத்தனை முறை வைப்பது என்பது என் கையில் இருக்கிறது. சீட்டு ஒட்டியதெல்லாம் கவிதையாகிவிடுமா என்று கவிஞர்கள் கேட்பீர்கள். ஆகாது, தங்கச் சீட்டின் கதைதான். அக்கேள்வியை என் மாணவர் யாரேனும் எழுந்து கேட்கும் நாளுக்குக் காத்திருக்கிறேன்.

கடைசி நாளன்று தங்கையிடம் மோல் தேர்வைக் கேட்டு வாங்கி எழுதினேன். ஆறு. முனைவர் பட்டம் உதவவில்லை. என் பக்கத்துப் பெண் அட்டையைப் பார்த்து, "கிராமை மோலா மாத்தும்போது வகுக்கணும் அம்மா, நீங்க பெருக்கிட்டீங்க" என்றாள். மூன்று நாள் கழித்து, தங்கை வீட்டுச் சமையலறை மேசையில் வேறு தாள் எழுதினேன். ஒன்பது. அட்டையில் கையொப்பமிட்டுத் தந்தாள். அடுத்த நிலைத் தாள் என் கைப்பையில் இருக்கிறது, இன்னும் பிரிக்கவில்லை.

சீர்ச் சீட்டுக் கட்டுகள் இரண்டைப் பின்புற மேசையில் வைத்திருக்கிறேன். உணவு இடைவேளையில் யாரும் ஆடலாம். கட்டில் காய்ச் சீட்டு ஒன்று குறைவாக இருக்கும். அதைத் தேட வேண்டா, என் மகள் எடுத்துவிட்டாள்.