விலை யார் சொல்வது?

(ஆம்பூர்ப் பக்கத்துச் சேரி ஒன்றில், வீட்டிலிருந்தே வேலை செய்யும் பெண்கள் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அக்காக்களே, தங்கச்சிகளே, தோழர்களே,

வீட்டிலிருந்தே சுயதொழில் செய்து முன்னேறுவது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் ஊறுகாய் போடுங்கள், மெழுகுவர்த்தி செய்யுங்கள், உழைத்தால் உயரலாம் என்று சொல்லிவிட்டுச் சால்வையை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். உழைப்பைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இந்த நாட்டில் நாம் உழைக்காத நாள் எது? அப்புறம் ஏன் உயரவில்லை? அங்கிருந்துதான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

வீட்டிலிருந்து தொழில் செய்வது நமக்குப் புதுசு இல்லை. கொங்குப் பக்கத்தில் அருந்ததியர் தன் குடிசை வாசலில் உட்கார்ந்துதான் பண்ணையக்காரருக்குச் செருப்புத் தைத்தார். கமலை இறைக்கிற சாலுக்குத் தோல்வேலை செய்தார். கருவி அவருடையது. கைத்திறன் அவருடையது. விலை மட்டும் அவருடையது இல்லை. அறுப்பு முடிந்து களத்தில் அளந்து போடுகிற தானியம்தான் கூலி. எத்தனை படி என்பதை அளக்கிறவன் சொல்வான். வாங்கிக்கொண்டு கும்பிட வேண்டும். வாசல் நம்முடையதாக இருந்தும் தொழில் நம்முடையதாக இல்லை.

இன்றைக்கு இந்தத் தெருவுக்கு வருவோம். ஷூவின் மேல்பாகத்தை ஏஜெண்ட் மூட்டையாகக் கொண்டுவந்து போடுகிறார். நீங்கள் ஊசியால் கைத்தையல் போட்டுத் தருகிறீர்கள். அது ஃபாக்டரிக்குப் போய், கப்பலேறி, ஐரோப்பாவில் யாரோ காலில் நடக்கிறது. உங்களைக் கேட்டால், "வீட்ல சும்மாதாங்க இருக்கேன், ஏதோ கைவேலை" என்கிறீர்கள். ஏஜெண்டைக் கேட்டால், "அவங்கல்லாம் சுயமா தொழில் பண்றவங்க சார்" என்கிறார். ரெண்டும் பொய்.

கணக்குக்காக ஒரு எண் வைத்துக்கொள்வோம். ஜோடிக்கு 10 ரூபாய். ஒரு நாளைக்கு 12 ஜோடி. ஆக 120 ரூபாய். ஊசி, கரண்டு, மூட்டை தூக்கிவர ஆட்டோ என்று 15 ரூபாய் கழித்தால் 105. எட்டு மணி நேர வேலை. மணிக்கு 13 ரூபாய் சொச்சம். பிள்ளை கூடமாட உட்கார்ந்து தைத்தால் அந்தக் கூலி இதற்குள்ளேயே கரைந்துபோகிறது. கண் மங்குவதற்கும் இடுப்பு வலிக்கும் கணக்கே இல்லை. ரேட்டைக் கூட்டச் சொன்னால் என்ன பதில் வரும்? "இஷ்டம்னா பாரு, இல்லாட்டி அடுத்த தெருவுல குடுத்துடுவேன்."

சட்டம்கூட இந்த ரெண்டையும் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. அமைப்புசாராத் தொழிலாளர்க்காக 2008-ல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில், முதலாளி ஒருவருக்காகத் தன் வீட்டில் பொருள் செய்து கூலி வாங்குகிறவர் 'வீடுசார் தொழிலாளி'. முதலாளி இல்லாமல் தானே தொழில் செய்கிறவர் 'சுயதொழிலாளி'. 2020-ன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இந்தப் பிரிவினை இருக்கிறது. வீட்டுவேலைத் தொழிலாளர்க்கென்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-ல் 177-ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா இதுவரை அதை ஏற்கவில்லை. ஏற்றால் மற்றத் தொழிலாளிக்குச் சமமாக உங்களையும் நடத்த வேண்டி வரும். சுயதொழில் என்று பெயர் வைத்துவிட்டால் கூலி கேட்க முடியாது, பி.எஃப். கேட்க முடியாது.

ஆகவே தோழர்களே, முதல் பாடம் இது. விலையை ஏஜெண்ட் சொன்னால் நீங்கள் தொழிலாளி. அங்கே முன்னேற வழி சங்கம்தான். தெருவுக்குத் தெரு ரேட்டைக் குறைத்து மோதவிடுகிறான் அல்லவா? நாலு தெருவும் சேர்ந்து ஒரே ரேட் சொல்ல வேண்டும். சேரித்தெருவும் முஸ்லிம் தெருவும் சேர்ந்து சொல்ல வேண்டும். விலையை நீங்கள் சொன்னால்தான் அது சுயதொழில்.

விலையைச் சொல்லும் இடத்துக்கு நாம் வந்துவிட்டால் போதுமா? வாங்குகிறவன் வர வேண்டுமே. இங்கேதான் சாதி கடைவாசலில் வந்து நிற்கிறது.

அண்ணல் அம்பேத்கர் கொலம்பியாவில் பொருளாதாரம் படித்தவர். 1917-ல் பரோடாவில் தங்க இடம் கிடைக்காமல் பம்பாய் திரும்பிய பிறகு, பங்கு வியாபாரிகளுக்கு ஆலோசனை சொல்லும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். முதலில் நன்றாகத்தான் நடந்தது. ஆலோசனை சொல்கிறவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கைக்காரர்கள் நின்றுவிட்டார்கள். மூடவேண்டி வந்தது. தனஞ்சய் கீர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இது இருக்கிறது. சுயதொழில் தோற்றால் திறமை போதவில்லை என்பார்கள். அம்பேத்கருக்குத் திறமை போதவில்லையா?

நூறு வருஷம் கழித்து, 2018-ல், திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் பள்ளியை மறித்தார்கள். அரசாங்கச் சோற்றுக்கே இந்தக் கதி. நம் வீட்டு இட்லியையும் ஊறுகாயையும் ஊர்த்தெரு வாங்கிவிடுமா? "உணவுத் தொழில் செய்யுங்க" என்று பயிற்சி கொடுக்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. அதற்காகச் செய்யாமல் இருக்கச் சொல்லவில்லை. ஊர்த்தெருவை நம்பிச் செய்யாதீர்கள். பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி வாசல், ஃபாக்டரி கேட், டவுன் ஹாஸ்டல் என்று, யார் எவர் என்று கேட்காமல் காசு கொடுத்து வாங்குகிற இடத்துக்குச் சரக்கு போகட்டும். செய்வது வீட்டில். விற்பது வெளியே.

அடுத்தது கணக்கு. தொழில் காசு ஒரு டப்பா, வீட்டுக் காசு ஒரு டப்பா. ரெண்டையும் கலக்காதீர்கள். ஜாக்கெட் தைக்கிறீர்கள் என்றால் துணி, நூல், கொக்கியோடு நிறுத்தாதீர்கள். உங்கள் மூன்று மணி நேரத்துக்குக் கூலி போடுங்கள். மெஷின் ரிப்பேருக்கு நாலு ரூபாய் எடுத்து வையுங்கள். அதற்கு மேல் நிற்பதுதான் லாபம். "நம்ம அக்காதானே, பாத்துப் போட்டுக் குடு" என்று வருகிறவர்களிடமும் விலையைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். பேசாமல் கொடுத்ததை வாங்கிக்கொள்ளத் தலைமுறை தலைமுறையாய் நம்மைப் பழக்கியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால், "நூத்தி அம்பது ரூபாய்" என்று நிமிர்ந்து சொல்வதும் விடுதலைதான்.

கடைசியாக பாங்க். நான் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிற கிளார்க். அதனால் சில விஷயங்களை உள்ளிருந்தே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

பட்டா இல்லை, அடமானம் இல்லை என்று திரும்பிப் போகாதீர்கள். சிறு, குறுந்தொழிலுக்கு 10 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்று 2010-லேயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. 2015-ல் வந்த முத்ரா கடனிலும் பிணை கிடையாது. அரசின் சுயதொழில் திட்டக் கடனுக்கு வரும் எஸ்.சி., எஸ்.டி. மக்களிடம் டெபாசிட் போடு என்று வற்புறுத்தக் கூடாது. இன்னொன்று முக்கியம். எஸ்.சி., எஸ்.டி. விண்ணப்பத்தைக் கிளை மட்டத்திலேயே தள்ளுபடி செய்யக் கூடாது, அதற்கு மேல்மட்டத்தில்தான் செய்ய வேண்டும், காரணத்தையும் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்பதும் ரிசர்வ் வங்கி விதி. "லோன் இல்லம்மா, போ" என்று வாயால் சொன்னால் நகராதீர்கள். "எழுதிக் குடுங்க சார்" என்று கேளுங்கள். அந்த மூன்று வார்த்தைக்கு அதிகாரிகள் எப்படிப் பயப்படுவார்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.

தமிழக அரசு 2023-ல் கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு முதலீட்டு மானியம் வைத்தார்கள். தாட்கோ 1974-லிருந்து இருக்கிறது. இவையெல்லாம் யாரும் போடுகிற பிச்சையில்லை. நம் உழைப்பில் சேர்ந்த பணத்தில் ஒரு துளி திரும்பி வருகிறது, அவ்வளவுதான். ஆனால் ஒருத்தியாகப் போய் நின்றால் நாலு மணி நேரம் நிற்க வைப்பார்கள். பத்துப் பேராகப் போனால் நாற்காலி போடுவார்கள்.

ஷூ தைக்கிறவர்கள் ரேட்டுக்காகச் சேருங்கள். சொந்தத் தொழில் செய்கிறவர்கள் கடனுக்கும் சந்தைக்கும் சேருங்கள். அடுத்த மூட்டை இந்தத் தெருவில் இறங்குவதற்கு முன்னால் நாலு தெருவும் உட்கார்ந்து ஒரு விலையைத் தீர்மானிக்கட்டும். அந்த விலையை நாம் சொல்வோம்.

ஜெய் பீம்.