தன்னியக்க நரம்புகளும் பூச்சிமருந்தும்



விடியற்காலையில் பால்வெட்டும் நிரையில் காலடியில் ஒரு நாகம் சீறுகிறது என்று வைத்துக்கொள்வோம். நெஞ்சு படபடக்கிறது, மயிர் சிலிர்க்கிறது, கண்மணி விரிகிறது, வாய் உலர்கிறது. இவற்றுள் எதனையும் நாம் கட்டளையிட்டுச் செய்விப்பதில்லை. வெட்டு முடிந்து உணவருந்தி நிழலில் அமர்ந்ததும் நெஞ்சு தணிகிறது. வயிறு தன் வேலையைத் தொடங்குகிறது. அதற்கும் நம் கட்டளை வேண்டியதில்லை. இவற்றை நடத்துவது தன்னியக்க நரம்பு மண்டலம். முடுக்கிவிடுபவை பரிவு நரம்புகள். தணிப்பவை துணைப்பரிவு நரம்புகள்.

இவற்றின் அமைப்பை இரயில் பயணத்தைக் கொண்டு விளக்கலாம். கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை நோக்கி 1886ஆம் ஆண்டிலேயே பாதை திறந்தாயிற்று. பிரிக்பீல்ட்சின் இரயில்வே குடியிருப்புகளில் நம்மவர் பலர் வாழ்ந்தனர். ஆகவே வண்டி மாறுவது நமக்குப் புதிதன்று. பரிவு நரம்பின் செய்தி பெரும்பாலும், முதுகெலும்பின் இருபுறமும் சங்கிலிபோல் அமைந்த முடிச்சுகளில், புறப்பட்ட சற்றுத் தொலைவிலேயே வண்டி மாறுகிறது. துணைப்பரிவு நரம்பின் செய்தியோ நெடுந்தொலைவு ஒரே வண்டியில் சென்று, சேரவேண்டிய உறுப்பின் அருகிலோ உள்ளேயோதான் மாறுகிறது.

நரம்பு முனையில் செய்தியைக் கைமாற்றுவது ஓர் இரசாயனப் பொருள். 1921இல் ஆட்டோ லோவி என்னும் அறிஞர், நரம்பைத் தூண்டி ஒரு தவளையின் இதயத் துடிப்பைத் தணித்தார். அவ்விதயத்தில் இருந்த திரவத்தை இன்னொரு தவளையின் இதயத்தில் சேர்க்க, அதுவும் தணிந்தது! அப்பொருளே அசிட்டைல்கோலைன். வேலை முடிந்ததும் அதனை உடனுக்குடன் சிதைத்துவிட ஒரு நொதியும் உடலில் உண்டு.

சிலாங்கூரில் பால்மரக் காடுகள் பல செம்பனைக்கு மாறின. செம்பனையைத் தாக்கும் பைப்புழுவை ஒழிக்க, தண்டில் துளையிட்டுச் செலுத்தப்பட்டுவந்த மோனோகுரோட்டோபாஸ், மெத்தமிடோபாஸ் போன்ற மருந்துகள் அந்த நொதியையே முடக்கிவிடுபவை. குடித்தால்தான் தீங்கு என்பதில்லை. தோல் வழியாகவும் அவை உட்புகும். பிறகு அசிட்டைல்கோலைன் தேங்கிவிடுகிறது. கண்மணி ஊசிமுனையளவாகச் சுருங்கும். எச்சிலும் கண்ணீரும் வழியும். வாந்தியும் வயிற்றுப்போக்கும் காணும். மார்பில் சளி நிறைந்து மூச்சுத் திணறும். வியர்வையும் கொட்டும். வியர்வைச் சுரப்பிக்குச் செல்வது பரிவு நரம்பே எனினும், அதுவும் அசிட்டைல்கோலைனையே கையாளுகிறது.

இந்த வியர்வையைக் கண்டு, வெயில் மயக்கம் என்றெண்ணி லயத்தில் படுக்கவைப்பது பெருந்தீங்கு. வெயிலில் எவர் கண்மணியும் சுருங்கும். ஆதலால் நிழலுக்குக் கொண்டுவந்து கண்ணைப் பாருங்கள். நிழலிலும் ஊசிமுனையாகவே இருந்தால் நஞ்சென்றே கொள்ளுங்கள். சுருங்காவிடினும், மருந்து கையாண்டவரை அலட்சியம் செய்யலாகாது. கையுறை அணிந்து அவருடைய உடைகளைக் களைந்து, சவர்க்காரமிட்டுக் கழுவி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். அங்கே அட்ரோப்பின் ஊசி போடுவர்.

களைக்கொல்லியான பாராகுவாட்டின் கதை வேறு. அது நுரையீரலைப் பாழாக்குவது. அதற்கு அட்ரோப்பின் மாற்று மருந்தன்று. நம் நாட்டில் அது 1.1.2020 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. ஆயினும் பழைய கலங்கள் எங்கேனும் கிடக்கலாம். எந்த நஞ்சு என்று மருத்துவர் அறிவதற்காக, கலத்தில் ஒட்டியுள்ள சீட்டையும் நோயாளியுடன் தவறாது எடுத்துச் செல்லுங்கள்.