உட்காரும் உரிமை

 

வல்ல அல்லாஹ்வைப் புகழ்ந்து, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்துச் சொல்லி இவ்வுரையைத் தொடங்குகிறேன்.

பெருநாள் நெருங்கினால் குடும்பத்தோடு ஜவுளிக் கடைக்குச் செல்கிறோம். நமக்கு நாற்காலி தருகிறார்கள். அமர்ந்துகொண்டு துணிகளை ஒவ்வொன்றாக விரிக்கச் சொல்கிறோம். விரித்துக் காட்டும் அந்தப் பெண், காலையில் கடை திறந்தது முதல் நின்றுகொண்டே இருக்கிறார் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

சட்டம் கூறுவது என்ன?

கேரளத்தில் கடைகளில் பணிபுரிந்த பெண்கள் இதற்காகப் பல ஆண்டுகள் போராடினார்கள். அதன் பயனாக 2018ஆம் ஆண்டில் அம்மாநிலம் தன் சட்டத்தைத் திருத்தியது. தமிழகத்தில், 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021ஆம் ஆண்டு 22-அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. பணியாளர் அனைவருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும். வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அவர்கள் அமர்ந்துகொள்ளலாம் என்பதே அதன் கருத்து.

அதே சட்டம் இன்னும் சில பாதுகாப்புகளையும் தருகிறது. சாதாரண வேலை நேரம் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி. அதற்கு மேல் வேலை வாங்கினால் இரு மடங்கு ஊதியம் தர வேண்டும். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு. ஆறு மாதம் தொடர்ந்து பணிபுரிந்தவரைத் தக்க காரணமின்றி நீக்க முடியாது. நீக்குவதாயின் ஒரு மாத முன்னறிவிப்போ, அதற்கீடான ஊதியமோ தர வேண்டும். முறையான விசாரணையில் ஒழுங்கீனம் உறுதியானால் மட்டுமே முன்னறிவிப்புத் தேவையில்லை.

மத்யன் நகரத்துப் பெரியவர்

நபி மூஸா (அலை) அவர்கள் மத்யன் நகரில் ஒரு பெரியவரிடம் வேலைக்குச் சேர்ந்த வரலாற்றை அல்கஸஸ் அத்தியாயத்தில் காண்கிறோம். பெரியவர் முதலிலேயே காலத்தைப் பேசி முடிக்கிறார். எட்டு ஆண்டுகள் கடமை. பத்தாக நிறைவு செய்வது மூஸா (அலை) அவர்களின் விருப்பம். தம் பணியாளரைச் சிரமப்படுத்தத் தமக்கு விருப்பமில்லை என்றும் சொல்லிவிடுகிறார். வேலைக்கு ஓர் எல்லை, அதற்கு மேல் உழைப்பவரின் சம்மதம், கருணை ஆகிய மூன்றும் அந்த ஓர் ஒப்பந்தத்தில் அடங்கியிருக்கின்றன!

பணியாளர்களுக்கும் அங்கே பாடமுண்டு. வலிமையும் நம்பகத்தன்மையும் உடையவர் என்றே மூஸா (அலை) அவர்கள் பரிந்துரைக்கப்பட்டார்கள். வேலை நேரத்தை வீணடிப்பதும் அமானிதத்திற்குச் செய்யும் மோசடியே.

சிந்தியுங்கள்!

தொழுகையில் நிற்பது கடமை. ஆயினும், நிற்க இயலாதவர் உட்கார்ந்து தொழலாம் என நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். படைத்த இறைவனின் சந்நிதியிலேயே அமர அனுமதி உண்டென்றால், கல்லாவின் முன்னால் அதனை மறுக்க நாம் யார்?

கடை நடத்தும் சகோதரர்களே! நாளை கடை திறந்ததும், உங்கள் பணியாளர்களுக்கு இருக்கை உள்ளதா என்று பாருங்கள். இருந்தும் அமர அஞ்சுகிறார்களா என்றும் கவனியுங்கள். ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் வெளியே வரும் முக்காலி, மறுமை விசாரணையில் உதவாது. வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி தராதவருக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். கூடுதல் நேரத்திற்கான கூலியும் கூலியே என்பதை மறவாதீர்கள்.

பணிபுரியும் சகோதர, சகோதரிகளே! உரிமையைப் பண்போடு கேளுங்கள். மறுக்கப்பட்டால் தொழிலாளர் துறையை அணுகுங்கள். அது நன்றி மறந்த செயலாகாது.

வாடிக்கையாளராகச் செல்லும் தாய்மார்களே! விற்பனைப் பெண் அமர்ந்திருந்தால் முகம் சுளிக்காதீர்கள். "உட்காருங்கம்மா" என்று நீங்கள் சொல்லும் ஒரு சொல்லும் தர்மமே.

உழைப்பவரின் உரிமையை உணர்ந்து நிறைவேற்றும் நன்மக்களாக வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.