தலைவிதியா? மோதல் விதியா?
(பெருங்களத்தூரில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இந்த ஊர் வழியாக ஜி.எஸ்.டி. ரோடு போகிறது. அதிலே லாரியில் மோட்டார் சைக்கிள் மோதிற்று என்றால், உடனே நம்மவர்கள் “அவன் தலைவிதி” என்று சொல்லி முடித்து விடுகிறார்கள். புது வண்டி வாங்கினால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்குகிறார்கள். நடுரோட்டில் பூசணிக்காயை உடைத்துப் பின்னால் வருகிறவனை வழுக்கி விழச் செய்கிறார்கள். மோதலுக்கு விதி உண்டு என்பதை நானும் ஒப்புக் கொள்ளுகிறேன். ஆனால் அது எவரும் பரீட்சித்துப் பார்க்கக்கூடிய விதியே தவிர, தலையில் எழுதிய விதியல்ல.

ஒரு பொருளின் நிறையை அதன் வேகத்தால் பெருக்கினால் வருவது உந்தம். மோதுகிற இரண்டின் உந்தத்தையும் திசையோடு சேர்த்துக் கணக்கிட்டால், வேறெதுவும் வெளியிலிருந்து தள்ளாதவரையில், மோதலுக்கு முன்னிருந்த மொத்தமே பின்னும் இருக்கும்.

இதைப் பெரியவர்கள் சொன்னார்கள் என்பதற்காக நம்ப வேண்டியதில்லை. பிரெஞ்சு அறிஞர் டெக்கார்ட், நிற்கிற பெரிய பொருளைச் சிறிய பொருள் எவ்வளவு வேகமாய் மோதினாலும் அசைக்காது என்று 1644-ல் எழுதினார். அவர் பேரறிஞர்தான். ஆனால் சொன்னது தப்பு. பின்னால் வந்த ஹைகன்ஸ் அதைத் திருத்தினார். நியூட்டன் எஃகு, கண்ணாடி, தக்கை, கம்பளி உருண்டைகளைத் தொங்கவிட்டு மோதச் செய்து, கண்ட கணக்கை 1687-ல் வெளியிட்டார்.

அந்தப் பரீட்சையை உங்கள் வீட்டுத் தாழ்வாரத்திலேயே செய்யலாம். ஒரே எடையுள்ள இரண்டு கண்ணாடிக் கோலிகளை ஒரே நீளமுள்ள நூல்களில் ஒட்டி, ஒன்றையொன்று தொடும்படி தொங்கவிடுங்கள். ஒன்றை எட்டு அங்குலம் இழுத்து விடுங்கள். மோதியது ஏறக்குறைய நின்றுவிடும்; மற்றது ஏறக்குறைய எட்டு அங்குலம் போகும். இது மீட்சி மோதல். இப்பொழுது கோலிகளுக்குப் பதில் பிசைந்த களிமண் உருண்டைகளைக் கட்டி அப்படியே செய்யுங்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டு நாலங்குலம்தான் போகும். இது மீட்சியற்ற மோதல். எடை இரட்டிப்பு, வேகம் பாதி. ஆகவே உந்தம் குறையவில்லை.

ஆனால் இயக்க சக்தியில் சரிபாதி காணவில்லை! அது எங்கே போயிற்று? களிமண் நசுங்கியிருக்கிறது பாருங்கள், அதில்தான் போயிற்று.

இனி ரோட்டுக்கு வருவோம். ஆளும் மோட்டார் சைக்கிளும் சேர்ந்து 200 கிலோ. பிரேக் போடாமல் நிற்கும் லாரி 10,000 கிலோ என்று வைத்துக் கொள்ளுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டரில் மோதிச் சிக்கிக் கொண்டால், லாரி சுமார் 1.2 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். மோட்டார் சைக்கிளோ அறுபதிலிருந்து கண நேரத்தில் அந்த 1.2-க்கு இறங்கி விடும். இயக்க சக்தியில் நூற்றுக்கு 98 பாகம் நசுங்கலில் போய்விடும். நசுங்குவது இரும்பா, மண்டையா என்பதுதான் கேள்வி.

ஹெல்மெட்டுக்குள் இருக்கிற தெர்மாகோல் தான் நசுங்கி, தலை நிற்பதற்குச் சற்றே கூடுதல் நேரம் கொடுக்கிறது. நேரம் கூடினால் அடி குறைகிறது. எலுமிச்சம்பழம் இந்தக் கணக்கில் எந்த இடத்தில் வருகிறது? எனக்குத் தெரிந்தவரை ரசத்தில்தான் வருகிறது!

ஆகவே தோழர்களே! என் பேச்சையும் நம்பி விடாதீர்கள். இரண்டு கோலியும் கொஞ்சம் களிமண்ணும் எடுத்து உங்கள் பிள்ளைகளோடு சோதித்துப் பாருங்கள். சரியென்று பட்டால், நாளைக் காலையில் வண்டியை எடுக்கு முன் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டி, வாரையும் இறுக்குங்கள் என்று கேட்டுக் கொண்டு முடித்துக் கொள்ளுகிறேன்.